பனியை எதை வைத்து நம்புவது: குழியா, அறிக்கையா, சரிவின் கோணமா?

பொங்கலுக்கு ஊருக்கு வந்த அக்கா மகன், கரும்பைக் கடித்துக்கொண்டே போனை என் முன்னால் நீட்டினான். திரையில் ஒரு மடக்கு மண்வெட்டி, நீளமான ரம்பம், பனித்துகளைப் பார்க்க ஒரு லென்ஸ், கோடு போட்ட ஒரு சிறு அட்டை, ஒரு தெர்மாமீட்டர். எல்லாம் சேர்த்து ஒரே செட்டாக விற்கிறார்கள்.

"மாமா, இதை வாங்கிடலாமா? பனியில குழி தோண்டி டெஸ்ட் பண்ணிட்டா எந்தச் சரிவுல இறங்கலாம்னு எங்களுக்கே தெரிஞ்சிடும் இல்ல?"

"தெரியாதுடா" என்றேன். "ஏன் தெரியாது?" என்று கேட்டான். அன்று திண்ணையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தது பொழுது சாய்ந்த பிறகும் முடியவில்லை. அவனைப் போலவே இங்கிருந்து பனிமலைக்குக் கிளம்புகிற பிள்ளைகள் இப்போது நிறைய. அதனால் அன்று பேசியதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். நாலு நண்பர்களோடு மூன்று வருடமாகக் காஷ்மீரின் குல்மார்க் போய் ஸ்கீ பழகியிருக்கிறான். இதுவரை கோண்டோலா என்ற ரோப்காரை ஒட்டிய பகுதியில், பாதுகாப்புக் குழு சரிபார்த்துத் திறந்துவிட்ட எல்லைக்குள் மட்டும்தான் இறங்கியிருக்கிறார்கள். இந்தப் பிப்ரவரியில் அந்த எல்லையைத் தாண்டி அஃபர்வாட் மலையின் மற்ற சரிவுகளுக்குப் போக ஆசை. எல்லைக்கு வெளியே யாரும் சரிவைச் சோதித்து வைப்பதில்லை. கால் வைக்கலாமா வேண்டாமா என்பதை அவர்களேதான் முடிவு செய்ய வேண்டும். எட்டு நாள் லீவு, அளவான பணம். பனிச்சரிவில் சிக்காமல் இருக்க எதை நம்பி முடிவெடுப்பது என்பதுதான் கேள்வி.

நான் கணியம்பாடிப் பக்கத்துக்காரன். பக்கத்திலேயே கம்மவான்பேட்டை, வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் என்று பேர்பெற்ற ஊர். நானும் அப்படிக் கிளம்பிப் போனவன்தான். மூன்று குளிர்காலம் காஷ்மீரின் உயரமான போஸ்ட்டுகளில் இருந்தேன். குல்மார்க்கில் பனிப்பயிற்சியும் எடுத்தேன். நம் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் வைக்கோல் போரை நனைத்துவைக்கும் ஈரம். அந்தப் பனியோடு வளர்ந்தவன் முதன்முதலாக இடுப்பளவுப் பனியில் நின்றபோது எனக்கு எதுவுமே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற, உத்தராகண்ட் மலைப்பக்கத்துக் கட்வாலிப் பையனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்தவனுக்கும், எட்டு நாள் லீவில் வந்தவனுக்கும் ஒரே வழி பொருந்தாது. என் ஒப்பீடு முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

பனி நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் போஸ்ட்டின் மேல் பனிச்சுவர் சரிந்து, 19-வது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேரை மூடியது. அதில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், ஒருவர் நம் வேலூர் மாவட்டத்துக்காரர். ஆறு நாள் கழித்து ஒருவரை உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். அந்த வாரம் எங்கள் பக்கத்து ஊர்களில் டிவி ஓடாத வீடு இல்லை.

எதைச் சோதிக்கிறோம் என்று முதலில் தெரிய வேண்டும். ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 'ஸ்லாப்' வகை. சமையல் மேடைக்குப் போடும் கடப்பாக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையின் மேல் சர்க்கரையைப் பரப்பி, அதன்மேல் கடப்பாக் கல்லை வைத்து, மேடையைச் சாய்த்தால் என்ன ஆகும்? கல் கொஞ்ச நேரம் நிற்கும். ஒரு தட்டு தட்டினால் மொத்தமாக வழுக்கிக்கொண்டு போகும். பனியிலும் அதேதான். மேலே காற்றடித்து இறுகிய ஒரு பலகை. நடுவில் ஒட்டாத ஒரு பலவீன அடுக்கு. கீழே வழுக்கும் தளம். ஸ்கீ, மலையேற்றம் என்று போகிறவர்கள் சிக்கும் பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பது, சிக்கியவரோ அவரோடு வந்தவரோ தட்டிவிட்டது. மலை தானாக வந்து நம் மேல் விழுவது குறைவு. நாம் போய் அதைக் கிளப்பிவிடுகிறோம்.

அந்தச் சர்க்கரை அடுக்கை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். குழியின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு கை அள்ளி, கையுறையில் வைத்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்காது. விரலிடுக்கில் வழிந்துவிடும். வெயிலில் காட்டினால் ஒவ்வொரு மணியும் விளிம்பு விளிம்பாக, சின்னக் கிண்ணம் போல, வரி வரியாகத் தெரியும். அது இப்படித்தான் உண்டாகிறது: பனிக்கு அடியில் தரை 0 டிகிரியை ஒட்டி இருக்கும். மேலே காற்று மைனஸ் 15. நடுவில் பனி அரை மீட்டர்தான் என்றால் 10 சென்டிமீட்டருக்கு 3 டிகிரி வித்தியாசம் வருகிறது. 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரியைத் தாண்டினாலே நீராவி அடியிலிருந்து மேலே ஏறி, மணிகளுக்கு நடுவிலிருக்கும் பிடிப்பைக் கரைத்து, இந்தச் சர்க்கரையை வளர்த்துவிடும். அதனால்தான் பனி குறைவாக விழுந்த வருடம் பாதுகாப்பான வருடம் என்று நினைப்பது தப்பு. மெல்லிய பனி, கடுங்குளிர், தெளிந்த வானம்: மோசமான அடித்தளம் இந்த மூன்றும் சேர்ந்தபோதுதான் உருவாகிறது. மேற்கிலிருந்து வரும் அடுத்த மழைக்காற்று அதன்மேல் கனமாகக் கொட்டினால் கடப்பாக் கல்லும் வைத்தாயிற்று.

குழி

அக்கா மகன் கேட்டது இதைத்தான். எனக்கும் குழி பிடிக்கும், மறைக்க மாட்டேன். பனியின் சுவரை நேராக வெட்டி, பிரஷ்ஷால் துடைத்தால் அந்தக் குளிர்காலத்தின் மொத்தக் கதையும் வரி வரியாகத் தெரியும். இது டிசம்பர் கடைசியில் விழுந்தது, இது அந்தப் பத்து நாள் வெயில், இது போன வாரத்துக் காற்று என்று விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கலாம்.

சோதனைகள் பல. கம்ப்ரெஷன் டெஸ்ட் என்பது 30-க்கு 30 சென்டிமீட்டரில் ஒரு தூணைப் பிரித்தெடுத்து, அதன் தலையில் மண்வெட்டியின் தகட்டை வைத்துத் தட்டுவது. மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில் எந்த அடுக்கு உடைகிறது, எப்படி உடைகிறது என்று பார்க்க வேண்டும். படீரென்று சுத்தமாக நழுவினால் ஆபத்து. நொறுங்கி நொறுங்கி உடைந்தால் அவ்வளவு இல்லை. இதைவிட நல்லது எக்ஸ்டென்டட் காலம் டெஸ்ட். சரிவுக்குக் குறுக்கே 90 சென்டிமீட்டர் நீளத் தூணை வெட்டி, ஒரு முனையில் மட்டும் தட்டுவது. விரிசல் அந்த முனையிலேயே நின்றுவிடுகிறதா, மறுமுனை வரை ஓடுகிறதா என்பதே கேள்வி. ஓடினால், சரிவிலும் ஓடும். ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் 2 மீட்டர் அகலப் பனிப்பாளத்தை வெட்டி அதன்மேல் ஆளையே ஏறிக் குதிக்கவும் வைப்பார்கள்.

இவ்வளவு அருமையான கருவி ஏன் அவனுக்கு வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம், குழி ஓர் இடத்தின் கதையைத்தான் சொல்லும். காற்று ஒரு சரிவில் பனியைச் சமமாகப் பரப்புவதில்லை. நீங்கள் தோண்டிய இடத்தில் பலகை 1 மீட்டர் கனமாக இருக்கும், நாலு எட்டு தள்ளி ஒரு பாறைக்குப் பக்கத்தில் 30 சென்டிமீட்டர்தான் இருக்கும். கனமான இடத்தில் தட்டினால் ஒன்றும் ஆகாது. மெல்லிய இடத்தில் கால் வைத்தால் விரிசல் அங்கே தொடங்கி மொத்தச் சரிவையும் எடுத்துக்கொண்டு வரும். இரண்டாவது, குழி தோண்டும் இடம் நாம் இறங்கப்போகும் சரிவைப் போலவே இருக்க வேண்டும்: அதே திசை, அதே உயரம், அதே காற்று. ஆனால் அங்கேயே நின்று தோண்டுவது ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான திறமை, அது நூறு குழி தோண்டிய பிறகு வருவது. மூன்றாவது, நேரம். பழகாதவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், குளிரில் கை விறைக்கும். அவ்வளவு கஷ்டப்பட்டுத் தோண்டியவன் மனசு 'போகலாம்' என்ற பதிலைத்தான் தேடும்.

இதில் முதல் காரணத்தை நான் நேரில் பார்த்தேன். பயிற்சியில் எங்களில் இருவர் பக்கத்துப் பக்கத்தில் தோண்டினோம். எனக்கு 12-வது தட்டில் உடைந்தது, அவருக்கு 23-வது தட்டில். வெயில் ஒன்று, சரிவு ஒன்று. எங்களுக்கு நடுவில் இருந்த தூரம் ஒரு மாட்டுவண்டி நீளம்கூட இருக்காது. பயிற்சி கொடுத்த சுபேதார் சாப் எங்கள் இருவரையும் பார்த்து, "இதில் எதை நம்பி உங்கள் வீட்டுக்கு நான் கடிதம் எழுதட்டும்?" என்று ஹிந்தியில் கேட்டார். இன்றைக்கும் காதில் நிற்கிறது.

அதனால் குழி 'போகாதே' என்று சொன்னால் கேட்கலாம். 'போ' என்று சொன்னால் அதை மட்டும் வைத்துப் போகக் கூடாது. பழகினவர்களும் அப்படித்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அறிக்கை

சண்டிகரில் இருக்கும் பாதுகாப்புப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக டி.ஜி.ஆர்.இ., இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை கொடுக்கிறது. 2020-இல் இந்தப் பெயர் வந்தது. அதற்கு முன் மணாலியில் 1969-இல் தொடங்கிய பனி ஆராய்ச்சி நிறுவனம் இந்த வேலையைச் செய்தது, பட்டாளத்தில் எங்களுக்கு அந்தப் பழைய பெயர்தான் பழக்கம். எச்சரிக்கை பொதுவாக இப்படி வரும்: இந்த இந்த மாவட்டங்களில், 2,400 மீட்டருக்கு மேல், அடுத்த 24 மணி நேரத்தில் பனிச்சரிவு வர வாய்ப்பு, அபாயம் இத்தனை.

இதன் பலம், உங்களால் பார்க்க முடியாததை அது பார்க்கிறது. எட்டு நாளுக்கு முன் நீங்கள் வேலூரில் இருந்தீர்கள். அங்கே என்ன விழுந்தது, எப்படிக் குளிர்ந்தது என்று உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். பலவீனம், அது ஒரு மாவட்டத்துக்குப் பேசுகிறது. பாரமுல்லா மாவட்டம் என்றால் அதற்குள் ஆயிரம் சரிவு. ஸ்விட்சர்லாந்தில் தாவோஸில் இருக்கும் நிலையம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு ஒன்றும் காலை 8 மணிக்கு ஒன்றுமாக, எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல், எந்த வகைப் பிரச்சினை என்று பிரித்துச் சொல்கிறது. நம் எச்சரிக்கையைப் பெரும்பாலும் சாலைக்கும் ஊருக்கும் போஸ்ட்டுக்கும் உதவுகிற ஒன்றாகத்தான் படிக்க வேண்டும்.

அபாய எண் 1 முதல் 5 வரை. பள்ளிக்கூட மார்க் மாதிரி 3 என்றால் நடுத்தரம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பல மடங்கு. ஐரோப்பாவில் பனிச்சரிவில் சாகிறவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் அபாயம் 3 என்று சொன்ன நாட்களில்தான் சாகிறார்கள். 4, 5 என்றால் பெரும்பாலும் யாரும் வெளியே போவதில்லை. 3 என்றால் வெயில் அடிக்கும், பனி புதிதாக இருக்கும், மனசு இழுக்கும். இதை அவனிடம் சொன்னபோதுதான் கரும்பைக் கீழே வைத்தான்.

அறிக்கையை நான் உச்சவரம்பாக மட்டும் பார்க்கச் சொல்வேன். இன்று அதிகபட்சம் எவ்வளவு தூரம் துணியலாம் என்று அது சொல்லும். எந்தச் சரிவு என்று சொல்லாது.

உள்ளூர் கைடு

கைடு வேண்டும். கட்டாயம் வேண்டும், ஒரு பேச்சுக்கும் இடமில்லை. ஆனால் எல்லா கைடும் ஒன்றில்லை. போன வருடம் இவர்களோடு வந்த ஒருவர் எதைக் கேட்டாலும் "ஒன்றும் ஆகாது" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். பணம் கொடுப்பவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற பழக்கம் எல்லாத் தொழிலிலும் உண்டு. இரண்டு கேள்வி கேட்கச் சொன்னேன். "இந்த சீசனில் எங்கிருந்து திரும்பி வந்தீர்கள், ஏன்?" "இன்றைக்கு எந்தச் சரிவுக்கு எங்களைக் கூட்டிப்போக மாட்டீர்கள்?" இரண்டுக்கும் உடனே, இடத்தின் பெயரோடு பதில் சொல்கிறவரை வைத்துக்கொள்.

கண்ணும் காதும்

இது காசு இல்லாமல் கிடைக்கும் சோதனை, குழியைவிட நேர்மையானது. பக்கத்துச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம் இருக்கிறதா? கடந்த 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டருக்கு மேல் விழுந்ததா? முகட்டிலிருந்து காற்று பனியைக் கொடி மாதிரி பறக்கவிடுகிறதா? அப்படி என்றால் அந்தப் பக்கத்தில் பலகை கட்டிக்கொண்டிருக்கிறது. திடீரென்று வெக்கை ஏறியதா, மழை தூறியதா? ஸ்கீ வைத்த இடத்திலிருந்து முன்னால் விரிசல் ஓடுகிறதா?

எல்லாவற்றுக்கும் மேல் அந்தச் சத்தம். முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் ரேஷன் எடுத்துக்கொண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம், தட்டையான இடம்தான். காலுக்கு அடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். வெளியே கேட்டதைவிட வயிற்றில்தான் அதிகம் கேட்டது. மொத்தப் பனிவெளியும் ஒரு விரல் அளவு கீழே இறங்கியது போல இருந்தது. முன்னால் போன கட்வாலிப் பையன் அப்படியே நின்றான், கையைத் தூக்கினான், எங்களை வந்த வழியே திருப்பினான். பலவீன அடுக்கு எங்கள் எடையில் நொறுங்கிய சத்தம் அது. தட்டையாக இருந்ததால் பிழைத்தோம். அதே சத்தம் சரிவில் கேட்டிருந்தால் இதை எழுத நான் இருக்க மாட்டேன்.

இந்த அறிகுறிகளில் ஒரு குறை உண்டு. இவை தெரிந்தால் ஆபத்து நிச்சயம். தெரியாவிட்டால் ஆபத்து இல்லை என்று அர்த்தமாகாது. ஆழத்தில் புதைந்த சர்க்கரை அடுக்கு பல வாரம் சத்தமே போடாமல் கிடக்கும். பத்துப் பேர் இறங்கிய தடம் இருக்கும், பதினோராவது ஆளுக்குச் சரியும்.

சரிவின் கோணம்

என் தீர்ப்பு இங்கேதான்.

மேலே சொன்ன எல்லாமே பனியைப் பற்றிய கணிப்பு. பனி மணிக்கு மணி மாறும். சரிவின் கோணம் மாறாது. ஸ்லாப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில் கிளம்புகின்றன, 38-ஐ ஒட்டி மிக அதிகம். 30-க்குக் கீழே பலகை நழுவப் பெரும்பாலும் சாய்வு போதாது. 50-க்கு மேலே பனி தங்குவது குறைவு, விழ விழக் கொட்டிவிடும். அப்படி என்றால் பனியைப் படிக்கத் தெரியாதவனுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது: 30-க்குக் கீழே உள்ள சரிவைத் தேர்ந்தெடு, மேலே தொங்கும் செங்குத்துச் சரிவுகளின் பாதையில் நிற்காதே. இதற்கு லென்ஸ் வேண்டாம், நூறு குழி அனுபவம் வேண்டாம். வரைபடமும் கோணம் காட்டும் போனும் போதும்.

வெர்னர் முன்ட்டர் என்ற ஸ்விஸ் மலை வழிகாட்டி 1990-களில் இதையே ஒரு கணக்காகச் சுருக்கினார். அபாயம் 2 என்றால் 40 டிகிரிக்குக் கீழ். 3 என்றால் 35-க்குக் கீழ். 4 என்றால் 30-க்குக் கீழ். அறிக்கையையும் கோணத்தையும் ஒரே கயிற்றில் கட்டிய அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அது ஆல்ப்ஸுக்காக, நல்ல அறிக்கை தினமும் கிடைக்கிற இடத்துக்காகச் சொன்னது. நம் பிள்ளைகளுக்கு நான் ஒவ்வொன்றிலும் 10 டிகிரி குறைத்துக்கொள்ளச் சொல்வேன். 2 என்றால் 30. 3 என்றால் 25. 4 என்றால் கோண்டோலா எல்லைக்குள்ளேயே இரு, அதையும் மூடிவிட்டால் அறையில் உட்கார்ந்து கஹ்வா டீ குடி.

"25 டிகிரின்னா ஸ்கீயே போகாது மாமா, இன்னா மஜா இருக்கும்?" என்றான். போகும். புதுப்பனியில் 25 டிகிரியில் தாராளமாக இறங்கலாம். 38-இல் கிடைக்கும் வேகம் கிடைக்காது, உண்மைதான். அதை விட்டுக்கொடுப்பதுதான் இந்த வழியின் விலை, வேறு விலை இல்லை.

கோணத்தில் ஒரு பொறி மட்டும் உண்டு. நீ நிற்கும் இடம் 20 டிகிரியாக இருக்கலாம், ஆனால் உன் தலைக்கு மேல் 300 மீட்டர் உயரத்தில் 40 டிகிரிச் சரிவு இருந்தால் நீ அதன் ஓடுபாதையில் நிற்கிறாய். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையோரம் 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணாவில் சாலை போடும் தொழிலாளர்களின் முகாமைப் பனிச்சரிவு அடித்தது. 54 பேரில் 46 பேரை மீட்டார்கள், 8 பேர் போனார்கள். இவர்கள் யாரும் செங்குத்துச் சரிவில் ஏறவில்லை. கீழே இருந்தார்கள், அவ்வளவுதான். கீழேயிருந்தபடியே பலவீன அடுக்கைக் கிளப்பிவிட்டு மேலிருந்து பனியை வரவழைப்பதும் நடக்கும். அதனால் கோணத்தை அளக்கும்போது காலுக்குக் கீழே ஒரு முறை, தலைக்கு மேலே இரண்டு முறை பார்க்க வேண்டும். ஒடுங்கிய ஓடைகளும் அப்படித்தான். சின்னப் பனிச்சரிவுகூட அங்கே ஆளை ஆழத்தில் புதைத்துவிடும்.

கருவிகளைப் பற்றிக் கேட்பீர்கள். புதைந்தவர் இருக்கும் இடத்தை சிக்னலால் காட்டும் டிரான்ஸீவர், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வெட்டி, இந்த மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், ஆளைப் பனிக்கு மேலே வைத்திருக்க உதவும் காற்றுப்பையும் இருந்தால் நல்லது. ஆனால் இவற்றை ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. இவை முடிவெடுக்க உதவுவதில்லை, முடிவு தவறிய பிறகு உதவுபவை. புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதன்பின் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. அந்த நேரத்துக்குள் வரக்கூடியவர்கள் கூட வந்த நண்பர்கள் மட்டும்தான். நின்றுபோன பனிச்சரிவு சிமென்ட் போல இறுகிவிடும், கையால் தோண்ட முடியாது. மரத்திலோ பாறையிலோ அடிபட்டவருக்கு எந்தக் கருவியும் பயன்படாது.

யாருக்கு எது என்று கேட்டால், என் பதில் ஆளுக்கு ஆள் மாறும். டிசம்பர், ஜனவரியில் ஏதோ ஒரு குழுவோடு ஒரு வாரப் பனி டிரெக் போகும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அறிக்கையும் வரைபடமும் போதும். முகாம் எந்தச் சரிவுக்குக் கீழே போடுகிறீர்கள் என்று அழைத்துப்போகிறவர்களிடம் கேளுங்கள், பதில் திருப்தி இல்லை என்றால் கட்டிய பணத்தை மறந்துவிடுங்கள். மலையேற்றப் பயிற்சிக்குப் போகிறவர்கள் குழியைக் கட்டாயம் கற்றுக்கொள்ள வேண்டும், நாலைந்து குளிர்காலம் தொடர்ந்து போகப் போகிறவர்களும் அப்படியே. ஆனால் பயிற்சியில் இருக்கிறோம், கூடவே அனுபவசாலிகள் இருக்கிறார்கள் என்பதும் காப்பு இல்லை. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா சிகரத்தில் உத்தரகாசிப் பயிற்சி நிலையத்தின் குழுவே சிக்கியது. பட்டாளத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடே இல்லை. எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுக்கிற உரிமை உள்ளவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

அக்கா மகனுக்கு: காலையில் அறிக்கை, அது உச்சவரம்பு. பிறகு வரைபடத்தில் கோணம், அதுதான் முடிவு. வழியெல்லாம் கண்ணும் காதும், திரும்பிவர முடிவெடுக்க மட்டும். குழிக்கான பணத்தை நல்ல கைடுக்குக் கொடு. பார்க்க ஆசையாக இருந்தால் கைடு தோண்டும்போது கூட உட்கார்ந்து பார்.

மறுநாள் அவனைப் பாலாற்றுக்குக் கூட்டிப்போனேன். காய்ந்த மணலை ஒரு பக்கெட்டில் அள்ளி ஒரே இடத்தில் மெதுவாகக் கொட்டச் சொன்னேன். "பக்கவாட்டுச் சாய்வு எத்தனை டிகிரி சொல்லு?" என்றேன். "45 இருக்கும்" என்றான். அட்டையை வைத்து அதன்மேல் போனை வைத்தான். 34. பெரிதாகக் கொட்டினாலும் சிறிதாகக் கொட்டினாலும் அதே 33, 34-தான். கண் எவ்வளவு தவறும் என்று அவனே பார்த்துக்கொண்டான். போன் உறைந்துபோனால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு குச்சிக் கணக்கும் காட்டினேன். சம நீளமுள்ள இரண்டு கம்பில் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, மற்றதை அதன் பாதி உயரத்திலிருந்து மேட்டுப்பக்கமாகப் படுக்கையாகப் பிடி. நுனி சரிவைத் தொட்டால் அது 27 டிகிரிக்குப் பக்கம். நுனி தொடும் முன்பே கம்பு சரிவில் முட்டினால் அதைவிடச் செங்குத்து, அங்கே போகாதே.

திரும்பும் வழியில் ஊருக்குப் பின்னால் இருக்கும் மொட்டைப் பாறைக்கு ஏறினோம். வெயில் இறங்கியும் பாறை சுட்டது. ஐந்து இடத்தில் நிறுத்தி, முதலில் வாயால் சொல்லு, அப்புறம் அள என்றேன். முதல் இரண்டில் 10 டிகிரிக்கு மேல் தவறினான். மூன்றாவதில் 6. நாலாவதில் 5. ஐந்தாவது இடத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு 31 என்றான், போன் 33 காட்டியது. அங்கேயே பாறையில் உட்கார்ந்து வரைபடத்தை விரித்து, பிப்ரவரிக்குப் போட்டுவைத்திருந்த நாலு வழிகளில் இரண்டை அவனே பேனாவால் அடித்தான். மூன்றாவது வழியில் ஒரு வளைவுக்கு மேலே உயரக் கோடுகள் நெருக்கமாக இருந்தன, செங்குத்துச் சரிவு என்று அர்த்தம். அதை அடிப்பதா வேண்டாமா என்று நண்பர்களிடம் கேட்க வேண்டும் என்றான். கேட்டுச் சொல்லு, நான் தூங்க மாட்டேன் என்றேன்.